செம்பில் எழுதிய ஊர்: வேள்விக்குடி பிறந்த கதையும் அதைப் படிக்கும் முறையும்

தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களுக்குப் பிறந்த தேதி கிடையாது. யாரோ சிலர் காட்டைத் திருத்தினார்கள், ஒரு குளம் வெட்டினார்கள், நாலு குடிசை போட்டார்கள். அதை எழுதி வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. இரண்டு தலைமுறை போனதும் 'ஆதியிலிருந்தே நாங்க இங்கதான்' என்று ஆகிவிடும்.

சில ஊர்களுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒன்று கிடைத்திருக்கிறது. ஊரை யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், அது அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, நாலு பக்கமும் எல்லை எது, என்னென்ன வரி கிடையாது என்று வரிசையாகச் செம்புத் தகட்டில் வெட்டியிருப்பார்கள். தகடுகளில் துளை போட்டு வளையத்தில் கோத்து, வளையத்தின் மேல் அரச முத்திரை பதிப்பது வழக்கம். இதுதான் செப்பேடு. ஓர் ஊரின் தொடக்கத்தை இதை வைத்து எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் ஏமாறக் கூடாது என்பதை மதுரைப் பக்கத்து வேள்விக்குடியை முன்வைத்துப் பார்க்கலாம். துணைக்குச் சில பல்லவ, சோழ ஊர்களும் வரும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். அந்தக் காலத்தில் ஒரு நிலத்தின் மேல் ஒரே ஆளுக்கு ஒரே உரிமை என்று இருக்கவில்லை. உழுகிறவருக்கு ஒரு பங்கு, காணி என்னும் பரம்பரை நில உரிமை உடையவருக்கு ஒரு பங்கு, அதற்கு மேல் அரசனுக்கு வரி. அரசன் 'ஊரைக் கொடுத்தான்' என்றால், எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் கொடுத்தது தனக்கு வரவேண்டிய வரியை. சில நேரம் அதோடு காணியுரிமையும் சேர்ந்து போகும். பாண்டியர் செப்பேடுகளில் 'காராண்மை மீயாட்சி உள்ளடங்க' என்று வருவது இதைத்தான். காராண்மை பயிரிடும் உரிமை, மீயாட்சி அதன் மேலுள்ள உரிமை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கியவர் கை ஓங்கிவிடும்.

வாங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்துக் கொடையின் பெயர் மாறும். பிராமணர்களுக்குப் போனால் பிரம்மதேயம், கோயிலுக்குப் போனால் தேவதானம், சமணப் பள்ளிக்கோ பௌத்த விகாரத்துக்கோ போனால் பள்ளிச்சந்தம். இவை எதிலும் சேராமல், வேளாளர் காணியாக வரி கட்டிக்கொண்டிருந்த சாதாரண ஊர்களைச் சோழர் ஆவணங்கள் வெள்ளான்வகை என்று குறிக்கின்றன. எண்ணிக்கையில் அவையே அதிகம், ஆனால் ஆவணத்தில் அவற்றின் குரல் குறைவு. ஊர் வரலாறு படிக்கிறவர் இந்தச் சாய்வை எப்போதும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வேள்விக்குடிக்கு வருவோம்.

பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் ஆட்சியின் 3ஆம் ஆண்டு, அதாவது 770ஐ ஒட்டிய காலம். அரசன் மதுரைக் கூடலில் இருக்கும்போது ஒருவர் உரக்கக் கூப்பிட்டு முறையிடுகிறார். அவர் பெயர் நற்சிங்கன், கொற்கைகிழான் வழியில் வந்தவர். என்ன குறை என்று அரசன் கேட்கிறான். அவர் சொல்லும் பதில்தான் அந்த ஊரின் பிறப்புக் கதை.

உங்கள் முன்னோன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி காலத்தில், பாகனூர்க் கூற்றம் என்ற வட்டாரத்தில், கொற்கைகிழான் நற்கொற்றன் என்பவர் ஒரு வேள்வி தொடங்கினார். அதை முடித்துவைக்க உதவிய அரசன், வேள்விச் சாலையின் முன்னால் நின்று, அந்த இடத்துக்கு வேள்விக்குடி என்று பெயர் சொல்லி, அப்போதே நீர் வார்த்துக் கொடுத்தான். நெடுங்காலம் அதை அனுபவித்தோம். பிறகு களப்பிரன் என்னும் கலியரசன் வந்தான், பழைய அரசர்களை விரட்டினான், ஊரையும் பிடுங்கிவிட்டான். இப்போது அது எங்கள் கையில் இல்லை.

அரசன் சிரிக்கிறான். 'நன்று நன்று' என்று முறுவலித்ததாகவே செப்பேட்டில் இருக்கிறது. அடுத்து அவன் சொல்வதுதான் எனக்குப் பிடித்த இடம்: இந்த உரிமை பழமையானது என்பதை நாட்டாரைக் கொண்டு, அதாவது வட்டாரத்துப் பெரிய மனிதர்களைக் கொண்டு, காட்டிவிட்டு நீ எடுத்துக்கொள். உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை, சாட்சி கேட்கிறான். நற்சிங்கன் நாட்டாரைக் கொண்டு நிரூபிக்கிறார். முன்னோர் முறைப்படி கொடுத்ததை நானும் கொடுத்தேன் என்று அரசன் மறுபடி நீர் வார்த்துத் தருகிறான்.

நற்சிங்கன் மூன்றில் ஒரு பங்கைத் தனக்கு வைத்துக்கொண்டு மீதி இரண்டு பங்கை 50 பிராமணர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஆக, வழக்கு ஒரு குடும்பத்தின் பெயரில் நடந்தாலும் தீர்ப்புக்குப் பிறகு அங்கே ஒரு குடியிருப்பே உருவாகிறது. செப்பேட்டை வெட்டிய கைவினைஞருக்கும் ஊரிலேயே வீட்டுமனையும் கொஞ்சம் நிலமும் கிடைத்தன. 10 தகடுகள், 155 வரிகள். வடமொழிப் பகுதி சிறியது, கிரந்தத்தில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். இன்று அது இருப்பது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில்.

இந்தக் கதையை அப்படியே நம்பலாமா?

முதுகுடுமி கற்பனை ஆள் இல்லை. புறநானூற்றில் அவன் மேல் ஐந்து பாட்டு இருக்கிறது. அவற்றில் ஒன்றான புறநானூற்றின் 15ஆம் பாட்டு, உன்னிடம் தோற்றவர்கள் அதிகமா, நீ வேள்வித் தூண் நட்ட களங்கள் அதிகமா என்று அவனையே கேட்கிறது. வேள்விக்காக ஊர் கொடுக்கக் கூடிய அரசன்தான், சந்தேகமில்லை. ஆனால் அவனுக்கும் நெடுஞ்சடையனுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. அவ்வளவு பழைய கொடையைப் பற்றி நாட்டார் எதை வைத்துச் சாட்சி சொன்னார்கள்? ஓலை காட்டினார்களா, வாய்வழி நினைவா? செப்பேடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிட முக்கியம், நற்சிங்கன் முறையிட்ட நாளில் அந்த நிலம் சும்மா கிடந்திருக்காது. யாரோ அதை உழுதுகொண்டிருந்தார்கள், யாரோ அதற்கு உடையவராக இருந்தார்கள். அவர்கள் தரப்பு என்ன என்று நமக்குக் கிடைத்திருக்கும் ஆவணத்தில் இல்லை. ஒரு வழக்கில் வென்றவர் கையிலிருக்கும் தீர்ப்பு நகலை மட்டும் வைத்துக்கொண்டு நாம் ஊர் வரலாறு எழுதுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். களப்பிரர் காலம் 'இருண்ட காலம்' என்று பாடப்புத்தகங்களில் படித்தோமே, அந்தக் கருத்துக்கு முக்கியமான ஊன்றுகோல்களில் ஒன்று இந்தச் செப்பேட்டின் சில வரிகள். நிலத்தை இழந்த ஒரு குடும்பத்தின் முறையீட்டிலிருந்து ஒரு காலத்துக்கே இருட்டுப் பட்டம் கட்டியது கொஞ்சம் அவசரம்தான்.

ஆகவே செப்பேட்டில் 'ஊர் பிறந்தது' என்று படிக்கும்போது, பெரும்பாலும் பிறந்தது மண்ணோ மனிதரோ இல்லை, உரிமை. ஊர் அதற்கு முன்பே இருந்திருக்கும். இதே நெடுஞ்சடையன் தன் 17ஆம் ஆண்டில் தென்களவழி நாட்டில் வேலங்குடி என்ற ஊரைக் கொடுக்கிறான். பழம் பெயரை நீக்கி ஸ்ரீவரமங்கலம் என்று பெயரிட்டதாகச் செப்பேடே சொல்கிறது. வேலங்குடியில் அதுவரை இருந்தவர்களுக்கு அன்று காலையில் எழுந்தபோது ஊர்ப் பெயர் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

பல்லவ நாட்டில் இன்னும் வெளிப்படையாகவே எழுதுவார்கள். காரைக்கால் பக்கம் கிடைத்த காசாக்குடிச் செப்பேடு இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஊற்றுக்காட்டுக் கோட்டம் என்ற வட்டாரத்தில் கொடுகொள்ளி என்ற ஊர் ஏகதீரமங்கலம் ஆகிறது. இதுபோன்ற பல்லவக் கொடைகளில் 'முன்பெற்றாரை மாற்றி', 'குடி நீக்கி' என்ற தொடர்கள் சாதாரணமாக வரும். முன்பு உரிமை பெற்றிருந்தவர்களை மாற்றிவிட்டுத்தான் புதியவர்களுக்கு. குடி நீக்குதல் என்றால் ஆட்களையே வெளியேற்றியதா, அவர்களின் உரிமையை மட்டும் ரத்துசெய்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உழுவதற்கு ஆள் வேண்டுமே என்று யோசித்தால் இரண்டாவதுதான் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காசாக்குடிச் செப்பேட்டில் புதிய ஊர் எந்தெந்த வரிகளிலிருந்து விலக்குப் பெற்றது என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. செக்கு, தறி, கிணறு தோண்டுபவர் கூலி, தரகு, குயவர் செலுத்துவது, நெய், துணி, பருத்தி நூல், பனைவெல்லம், குவளை நடுவதற்கு வரி, நல்ல பசு, நல்ல எருது. வரி விலக்கு என்று மேலோட்டமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். கொடுகொள்ளியிலும் சுற்றுப்புறத்திலும் யார் யார் என்ன வேலை செய்தார்கள், அரசு எதற்கெல்லாம் கை நீட்டியது என்று இந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது. பூ நட்டால் வரி என்று ஒன்று இருந்திருந்தால், பூ நட்டுப் பிழைத்தவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றியும் அதில் விவரம் இருக்கிறது. சேயாற்றிலிருந்தும் வெஃகாவிலிருந்தும் திரையன் ஏரியிலிருந்தும் வாய்க்கால் தோண்டித் தண்ணீர் கொண்டுவரும் உரிமை புதிய ஊருக்கு உண்டு. அந்த வாய்க்காலில் யாராவது கூடையால் இறைத்தாலோ, குறுக்கே கிளை வெட்டினாலோ, சிறிய ஏற்றம் போட்டாலோ தண்டம். பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் படித்திருந்தால் எப்படிக் கொதித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். தடை போட்டிருக்கிறார்கள் என்றால், அப்படித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் இருந்தது என்று அர்த்தம்.

கொடையை நடைமுறைப்படுத்தும் விதம் சோழர் காலத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அரசன் வாயால் சொல்வான். ஓலை எழுதுகிறவர் எழுதுவார், மேலதிகாரிகள் ஒப்பமிடுவார்கள், வரிக் கணக்கில் பதிவாகும், பிறகு நாட்டாருக்குத் திருமுகம், அதாவது அரச ஆணை ஓலை, போகும். நாடு என்றால் இங்கே பல ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம், நாட்டார் அதன் பெரிய மனிதர்கள். வேள்விக்குடி வழக்கில் சாட்சி சொன்னதும் இதே மாதிரி நாட்டார்தான். திருமுகம் வந்ததும் அவர்கள் எதிர்கொண்டு போய்த் தொழுது வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு பெண் யானையை நடத்திக்கொண்டு எல்லையைச் சுற்றி வருகிறார்கள். சுற்றிவந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். 'பிடி சூழ்ந்து பிடாகை நடந்து கல்லும் கள்ளியும் நாட்டி' என்பது சோழர் செப்பேடுகளில் திரும்பத் திரும்ப வரும் வாசகம்.

யானை எதற்கு என்று கேட்கலாம். என் ஊகம் இது: வயல் வரப்பில் யானை நடந்தால் சுற்றுவட்டாரமே வேடிக்கை பார்க்க வந்துவிடும். பின்னால் எல்லைத் தகராறு வந்தால் 'அன்னிக்கு யானை இந்த வழியாத்தான் போச்சு' என்று சொல்ல நூறு பேர் இருப்பார்கள்.

இதெல்லாம் உடனே முடிகிற காரியம் இல்லை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எடுத்த சூடாமணிவர்ம விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைத் தன் 21ஆம் ஆட்சியாண்டில் கொடுத்தான், 1006 வாக்கில். நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றது அதன் ஆவணம். அது செம்பில் ஏறியது ராஜராஜன் இறந்தபின், மகன் ராஜேந்திரன் காலத்தில். ஓலையில் போட்ட உத்தரவு செம்பாவதற்குள் ஓர் ஆட்சியே முடிந்துவிட்டது.

கொடுத்த ஊருக்குள் எதெல்லாம் அடங்கும் என்று சொல்லும் வாசகங்களைப் படித்தால், எழுதியவர் ரசித்து எழுதியிருக்கிறார் என்றே படும். 'மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்', 'உடும்போடி ஆமை தவழ்ந்தது' எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம் என்பார்கள். உடும்பு ஓடுவது மேட்டில், ஆமை தவழ்வது ஈரத்தில். புன்செய் நன்செய் இரண்டும் அதில் அடங்கிவிட்டது. கூடவே புதிய உடைமையாளர்கள் என்ன செய்யலாம் என்பதும் வரும்: சுட்ட செங்கல்லால் மாடமாளிகை கட்டலாம், கிணறு தோண்டலாம், மருவும் தமனகமும் செங்கழுநீரும் நடலாம், பெருஞ்செக்கு இடலாம். இதையெல்லாம் 'செய்யலாம்' என்று எழுத வேண்டியிருந்தது என்றால், மற்ற ஊரார் நினைத்தபடி செய்துவிட முடியாது என்றுதான் பொருள். சுட்ட செங்கல் வீடு கட்டுவதற்கே அனுமதி வேண்டியிருந்த காலம். அதே பட்டியலின் இன்னொரு வரி, இவ்வூர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது என்கிறது. கள் இறக்கும் குடிக்கு அன்றோடு அந்த ஊரில் தொழில் போயிற்று.

ஊரின் உள் அமைப்பைப் பார்க்க தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நல்ல இடம். கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, வரி போடாத நிலங்களைக் கழிக்கிறார்கள். ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கைவினைஞர் வாழும் கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, 'தீண்டாச்சேரி' என்றும் வருகிறது. வரிக்காரர்கள் கழித்த கணக்கைக் கொண்டே நாம் ஊரின் வரைபடத்தைப் போட்டுவிடலாம்: நடுவில் நத்தம், தள்ளித் தள்ளிச் சேரிகள். தீண்டாமை எப்போது வந்தது என்று விவாதம் வரும்போதெல்லாம் இந்த 11ஆம் நூற்றாண்டுக் கழிவுப் பட்டியலை எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஊரைப் பங்கு பிரிப்பதற்கு எளிமையான உதாரணம் காஞ்சிபுரம் பக்கத்துக் கூரம். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேஸ்வரவர்மன் அதைப் பரமேஸ்வரமங்கலமாக மாற்றி, 25 பங்காக்கினான். கோயில் பூசையும் பழுதுபார்ப்பும் கவனிப்பவர்களுக்கு 3 பங்கு. மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைக்க ஒன்று. அதே மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒன்று. மீதி 20 பங்கு, நான்கு வேதம் கற்ற 20 பேருக்கு. ஊர் தொடங்கும்போதே கதை சொல்கிறவருக்குச் சம்பளம் ஒதுக்கிவிட்டார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ஏரியும் அரசன் பெயரில் பரமேஸ்வர தடாகம், அதற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற வாய்க்கால். ஏரி இல்லாமல் அந்தப் பக்கத்தில் 25 பங்கும் வெறும் தாளாகத்தான் இருந்திருக்கும், அல்லது வெறும் செம்பாக.

ஒருமுறை பிரம்மதேயம் ஆனால் என்றைக்கும் அதேதானா என்றால், இல்லை. செப்பேடுகள் 'சந்திரன் சூரியன் உள்ளவரை' என்று எழுதினாலும் அரசர்கள் மாற்றியிருக்கிறார்கள். திருவாலங்காட்டுச் செப்பேட்டில் பழையனூர் என்ற ஊர், பிரம்மதேயத்திலிருந்து வெள்ளான்வகையாக மாற்றப்பட்டு, திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வருகிறது. அது ராஜேந்திர சோழனின் 6ஆம் ஆண்டு, 1018 வாக்கில். வேள்விக்குடி பிடுங்கப்பட்டதற்குக் களப்பிரனைக் 'கலியரசன்' என்று திட்டினார்கள். சோழன் செய்தால் அது நிர்வாகம்.

உங்கள் ஊருக்கும் இப்படி ஏதாவது இருக்குமா என்று பார்க்க விரும்பினால், செப்பேட்டைத் தேடிப் போக வேண்டாம், அது மிக அரிது. ஊரிலேயே பழைய கற்கோயில் இருந்தால் அடிப்பீடமான அதிட்டானத்தையும் வெளிச் சுவரையும் பாருங்கள். சுண்ணாம்பு பூசியோ, மணல் பீய்ச்சிச் சுத்தம்செய்தோ எழுத்து அழிந்திருந்தாலும் கவலை இல்லை. தொல்லியல் துறை 1887 முதல் ஆண்டறிக்கைகளில் ஊர் ஊராகக் கல்வெட்டுகளைக் குறித்து வைத்திருக்கிறது, பல கல்வெட்டுகளின் முழு வாசகமும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் அச்சாகியிருக்கிறது. தேடும்போது இன்றைய பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் கிடைக்காது. பெயர் மாறியிருக்கும். கோயிலின் பெயர், பக்கத்து ஊர்களின் பெயர், பழைய கோட்டம் அல்லது கூற்றத்தின் பெயர் என்று சுற்றி வளைத்து வாருங்கள். வாசகம் கையில் கிடைத்ததும் முதலில் அரசனின் புகழ்பாடும் பகுதியைத் தாண்டிவிட்டு எல்லைப் பகுதிக்குப் போங்கள். 'கீழெல்லை இன்ன ஏரிக்கு மேற்கு, தென்னெல்லை இன்ன ஊருக்கு வடக்கு' என்று வருமே, அதில் ஏதாவது ஒரு குளமோ ஓடையோ இன்றைக்கும் அதே பெயரில் இருந்தால், யானை நடந்த பாதையைக் கிராம நிர்வாக அலுவலகத்துப் புலப்படத்தில் கோடு போட்டே பார்த்துவிடலாம்.